இடக்கண் துடித்த கதை

இடக்கண்ணின் கீழிமை துடிக்க ஆரம்பித்தபோது மாமியாருக்கு ஒரே சந்தோஷம். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்ல சேதி வருமாம். ஆறு மாதம் துடித்தது. சேதி வரவில்லை, துடிப்புதான் கன்னத்துக்கு இறங்கி வாயோரத்தையும் இழுக்கத் தொடங்கியது.

ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பணம் நீட்டிய ஒருவர் என்னைப் பார்த்து இளித்தார். கண்ணடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்கப்புறம் குனிந்தபடிதான் சில்லறை கொடுத்தேன்.

ஒரு மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். இன்னொருவர் தூக்கம் போதவில்லை என்று சத்து மாத்திரை எழுதினார். தூங்கும்போதும் துடிக்கிறது என்று கணவர் சொல்லியிருந்தார். அதை நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

நரம்பியல் மருத்துவரிடம் போன அன்று பார்த்து முகம் அசையவே இல்லை. நல்லவேளை, போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னார். பத்தாவது தடவை கிளம்பிவிட்டது. "கண் மூடும்போது அதே பக்கப் புருவம் மேலே போகுது பாருங்க. வேணும்னு செஞ்சா இப்படி வராது" என்று கண்ணாடியைக் காட்டினார். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்ன அடையாளமாம்.

இதன் பெயர் ஹெமிஃபேசியல் ஸ்பாசம், அதாவது முகத்தின் ஒரு பக்கத் தசைகள் தானாகவே துடித்து இழுப்பது. மூளைத்தண்டிலிருந்து முகநரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். எம்.ஆர்.ஐ.யில் எனக்கும் அதேதான். கட்டி இல்லை என்றதும்தான் மூச்சு வந்தது.

ஆபரேஷன் செய்து குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்ளான் பஞ்சு வைக்கலாம். அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. நான் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசிக்குச் சரி என்றேன்.

இன்சுலின் ஊசி போல மெல்லிசு. கண்ணைச் சுற்றி நான்கு குத்து, கன்னத்தில் ஒன்று. எறும்புக்கடி மாதிரிதான் என்றார்கள். கண்ணோரத்தில் அது கட்டெறும்பு. நாலாம் நாள் துடிப்பு தணிந்து, ஒரு வாரத்தில் நின்றது. ஆனால் இரண்டு வாரம் காபி குடித்தால் இடது வாயோரம் ஒழுகியது. அடுத்த முறை கன்னத்தில் அளவைக் குறைத்தார்.

மூன்றரை மாதத்தில் மருந்தின் வேகம் தீர்ந்துவிடும். இதுவரை ஐந்து முறை போட்டாயிற்று. போன வாரம் கீழிமை லேசாக அசைந்ததை மாமியார் பார்த்துவிட்டு, "நல்ல சேதியா, ஊசியா?" என்று கேட்டபடியே காலண்டரைப் புரட்டினார்.