அரைப்பேர்

"தின்னதுக்கும் அரைப்பேரா டீச்சர்?"

அரைப்பேர் என்றால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்த நாளுக்குப் போடுகிற பாதிச் சம்பளம். அப்பாயி இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் சிரித்ததால் நானும் சிரித்துவிட்டேன். பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, குடையை விரித்து, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேத்தியின் பெயர் வேண்டாம். சின்னக்குட்டி என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாலு வயது. அம்மா கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார், வளர்த்தது அப்பாயிதான். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற எங்கள் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தட்டை வழித்துவிட்டு எழுந்த பிறகும் இவள் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெல்லவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். படுக்கை விரித்து மற்றவர்களைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் கன்னம் அப்படியே உப்பியிருக்கும். நிறை 11.8 கிலோ. வளர்ச்சி அட்டையில் செம்மஞ்சள் பட்டை, அதாவது வயதுக்கு நிறை போதாது. மிட்வைஃப் மிஸ் திரிபோஷ என்கிற சத்துமா கொடுத்தார். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற திரிபோஷவை லயத்தில் எத்தனை வாய் பங்கு போடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

டொபி யோசனை எனக்கு நாயிடமிருந்து வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு ஜிம்மி கேட்டைத் தாண்டித் தேயிலைக்குள் ஓடிவிடும். சிறுத்தை நடமாடுகிற மலை இது. இருட்டிய பிறகு வெளியே நிற்கிற நாய் விடியும்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மாரி பிஸ்கட்டை நாலாக உடைத்து, கூப்பிட்டதும் வந்தால் ஒரு துண்டு என்று பழக்கினேன். ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் வந்து நிற்கும். அந்தப் பெருமையில்தான், தட்டை முடித்தால் ஒரு டொபி என்று சின்னக்குட்டியிடம் சொன்னேன்.

முதல் நாளே வேலை செய்தது. பருப்பு, சோறு, வல்லாரைச் சுண்டல் எல்லாம் உள்ளே போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பாதித் தட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கத்தியை எடுத்து டொபியை இரண்டாக நறுக்கி, "பாதி சாப்பிட்டா பாதி" என்று நீட்டினேன். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பையன் உடனே கத்தினான்: "ஏய், அவளுக்கு அரைப்பேரு!" எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் போய் அதை நகைச்சுவையாகச் சொன்னதும் நான்தான்.

அடுத்த மாதம்தான் அப்பாயி கேட்டார். முழுதாகச் சொன்னால் இப்படி: "வீட்டுலயும் ரெண்டு வாய் தின்னுட்டு கைய நீட்டுறா. என்னாடின்னா, டீச்சரு அரைப்பேரு போடுவாங்கங்குறா. நா எங்க போயி டொபி வாங்குறது? தின்னதுக்கும் அரைப்பேரா டீச்சர்?"

சரி, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அப்பாயி, நிறை 12.3 ஆகிவிட்டது, அட்டையைப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அரைக்கிலோ ஏறியதைக் குற்றம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. டொபி பல்லைக் கெடுக்கும், தெரியும். பல்லா உடம்பா என்று வந்தால் உடம்புதான் என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி நாட்கள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதி நாட்களில் வேறு மாதிரி. பிறகு ஒரு பயிற்சிக்காக வாசித்தபோது தெரிந்தது, நான் செய்ததை ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் லியான் பர்ச் என்பவரும் கூட இருந்தவர்களும் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்குக் கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் கொடுத்தார்கள். குடித்தால் பரிசு, குடித்தால் பாராட்டு என்று சொல்லிக் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. சும்மா கொடுத்து வந்த பிள்ளைகளுக்குக் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. இதைக் குடிக்க எனக்குக் கூலி தருகிறார்கள் என்றால் இது நல்லதாக இருக்காது என்று பிள்ளை கணக்குப் போடுமாம். அதற்கு முன், 1980இல், இதே பர்ச் இன்னொன்றும் பார்த்திருந்தார்: எந்தத் தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுக்கிறோமோ அதன் மேல் ஆசை கூடும். ஆக, நான் ஒரு கையால் வல்லாரையின் மதிப்பை இறக்கி, மறு கையால் டொபியின் மதிப்பை ஏற்றியிருக்கிறேன். எனக்கே நடக்கிறதுதானே. மாத அறிக்கை முடிந்தால் ஹட்டன் டவுனில் இரண்டு ரோல்ஸ் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட பேர் ஒன்று உண்டு. பல வருடமாகியும் அறிக்கை மேல் ஆசை வரவில்லை, ரோல்ஸ் மேல்தான் கூடியது.

ஆனால் 2011இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று வேறு மாதிரி வந்திருக்கிறது. பிடிக்காத காய்கறியில் ஒரு துண்டு ருசி பார்த்தால் ஸ்டிக்கர். பன்னிரண்டு நாள். பிள்ளைகளுக்கு அந்தக் காய் பிடித்துப்போய், மூன்று மாதம் கழித்தும் சாப்பிட்டார்களாம். அப்படியானால் என் தப்பு பரிசு கொடுத்ததா, டொபியைக் கொடுத்ததா, இல்லை தட்டை அளந்ததா? அந்தப் பிள்ளைகளை யாரும் முழுத்தட்டு முடிக்கச் சொல்லவில்லை. ஸ்டிக்கர் கொடுத்தவர்கள் கையில் கத்தியும் இல்லை.

நாய் விஷயமும் நான் பெருமைப்பட்ட மாதிரி நிற்கவில்லை. வெளியே போய்த் திரும்பினால்தான் பிஸ்கட் என்று ஜிம்மி கண்டுபிடித்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டைத் தாண்டி, நாலடி தள்ளி நின்று, கூப்பிடுகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். உடம்பும் போட்டுவிட்டது. நாய்க்குக் கொடுக்கிற தின்பண்டம் அது ஒரு நாள் சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மிருக வைத்தியர் சொன்னார். என் மாரி பிஸ்கட் கணக்கு எங்கேயோ போயிருந்தது. நான் கணக்கு வைத்தது எல்லாம் சின்னக்குட்டியின் தட்டுக்குத்தான்.

இதையெல்லாம் அப்பாயியிடம் சொல்லியிருந்தாலும் அவருக்கு அது பதிலாகியிருக்குமா என்பதுதான் சந்தேகம். நாற்பது வருடம் தேயிலை மலையில் கொழுந்து பறிக்க நின்றவர். தோட்டத் தொழிலாளர்களுக்கான 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபாய் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதில் அடிப்படை 500தான். மீதியில் 60 வரவுக்கு, 140 விளைச்சலுக்கு, 30 தேயிலை விலைக்கு. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வந்தால்தான் அந்த 60 கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிட்டால், வந்த நாட்களுக்கும் அது கிடைக்காமல் போகும் அப்போது. முடித்தால் இவ்வளவு, குறைந்தால் பாதி என்பதை அவர் கையால் பறித்துத் தெரிந்துகொண்டவர். அவர் சிரித்தது என்னைப் பார்த்தா, பேத்தியைப் பார்த்தா, வேறு எதையாவது நினைத்தா? நானும் கூடச் சிரித்தேனே, எதற்குச் சிரித்தேன்?

டொபியை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் கன்னத்தில் சோறு. மூன்றாம் நாள் தட்டைத் தொடவே இல்லை. அந்த மாதம் நிறை 12.1. மிட்வைஃப் மிஸ் என்னைப் பார்த்தார், நான் அட்டையைப் பார்த்தேன். யாரையும் கேட்காமல் தொடங்கியதை யாரையும் கேட்காமல் நிறுத்தியதும் சரியா என்று தெரியவில்லை. அப்பாயியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை சின்னக்குட்டி பாதித் தட்டுக்கு மேல் சாப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, கை நீட்டவும் இல்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை தட்டே காலி. எனக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன், பொறுமையாக இருந்தால் பசி தானே வழிக்கு வரும் என்று.

வியாழக்கிழமை மழை விட்ட நேரம், பின்பக்கக் கானில் தண்ணீர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கல் இடுக்கில் மூன்று டொபித் தாள்கள், நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். உள்ளே, உதவிக்கு இருக்கிற அக்கா சின்னக்குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நிறுவை.