ஐந்து பேர் என்று எழுதியது

"அந்த மனுசி உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாள்" என்று, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் என்னோடு வேலை செய்த மூத்தவர் இப்போதும் சொல்வார். சந்திக்கும்போதெல்லாம் அல்ல. கதை எப்படியாவது சீனிக்கோ கியூவுக்கோ திரும்பினால் கட்டாயம் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். சில நாள் அவர் சொல்வதுதான் சரி என்று படும். வேறு சில நாள், அப்படி நினைத்ததற்காக எனக்கே என் மேல் கோபம் வரும்.

2006 ஆகஸ்ட் 11 அன்று, யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் இடமான முகமாலையில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டபோது, யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அந்தப் பக்கமே அகப்பட்டார்கள். 2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்ததிலிருந்து நான்கு வருடமாக எங்களுக்கு அது பழகிவிட்டது. பாஸ்போட் எடுக்க, கண் காட்ட, இஞ்சின் சாமான் வாங்க என்று எதற்கும் கொழும்பு பஸ் ஏறுவோம். இரண்டு நாளில் வரலாம் என்று மாற்று உடுப்பு ஒன்றோடு போனவர்கள் வவுனியாவிலும் கொழும்பிலும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். பருத்தித்துறையில் அப்படி ஆள் குறையாத ஒழுங்கை இருந்திருக்காது. அந்த மனுசியின் புருசனும் அப்படித்தான். இஞ்சினுக்கு ஏதோ வாங்கப் போனவர் வவுனியாவில் நிற்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

பாதை பூட்டியதால் சாமான் திருகோணமலையிலிருந்து கப்பலில் வரும். கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வெளிக்கடையில் சீனி விலை கேட்கவே பயம். அதனால் ஊரடங்கு எடுத்த கையோடு சனம் எங்கள் வாசலில் நிற்கும். குடும்ப அட்டையில் உள்ள ஆள்கணக்குக்கு அரிசி, மா, சீனி, பருப்பு. காசுக்குத்தான், ஆனால் கட்டுப்பாட்டு விலைக்கு. நான் அட்டையைப் பார்த்துப் பதிந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், மூத்தவர் நிறுத்துப் போடுவார்.

வீட்டில் நிற்கிற ஆளுக்கு மட்டும்தான் சாமான் என்று மேலே இருந்து சொன்னார்கள். வாய்ச்சொல்தான், எழுத்தில் ஒன்றும் தரவில்லை. எழுத்தில் இல்லாத கட்டளையை எழுத்தில் நிறைவேற்ற வேண்டியவன் நான். அதை இங்கே சொல்வது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று மூத்தவர் சொல்வார். இருக்கட்டும், உண்மையும் அதுதானே.

அவளுடைய அட்டையில் ஐந்து பேர். புருசன், அவள், இரண்டு பிள்ளைகள், மாமி.

"அக்கா, அண்ணை எங்க?"

"தொழிலுக்குப் போட்டார்."

எங்களுக்குத் தொழில் என்றால் மீன்பிடி. அந்தக் கிழமை நேவி ஒருவரையும் கடலில் இறங்க விடவில்லை. கியூவில் நின்றவர்களில் பாதிப் பேர் கடற்றொழில் செய்யும் வீட்டுக்காரர், வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்ததைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நான் குரலைத் தாழ்த்தி, "நாலு பேருக்குத்தான் தரலாம் அக்கா" என்றேன்.

"சாமான் நாலு பேருக்கே தாங்கோ தம்பி. எழுதுறதை மட்டும் அஞ்செண்டு எழுதுங்கோ."

இந்த ஒரு வசனத்தைத்தான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சங்கக்கடையில் வேலை செய்யாத ஒருவருக்கு இது உருக்கமாக இருக்கும். வேலை செய்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். ஐந்து என்று எழுதி நான்கைக் கொடுத்தால் மிச்சம் ஒரு பங்கு களஞ்சியத்தில் நிற்கும். புத்தகத்தில் அது போய்விட்டது, ஆனால் சாக்கில் இருக்கிறது. பின்கதவால் சீனி விற்கிறவன் செய்வது அச்சொட்டாக அதுதான். அவள் தனக்கு நட்டமாகக் கேட்டது, கணக்கில் என்னைக் கள்ளனாக்கும். நான்கு எழுதி நான்கு கொடுக்கலாம், அது சட்டம். ஐந்து எழுதி ஐந்து கொடுக்கலாம், அது பொய், ஆனால் கணக்குச் சரி. அவள் கேட்ட மூன்றாவது வழியை மட்டும் எவராலும் செய்ய முடியாது.

நான் "அஞ்சு" என்று சத்தமாகச் சொன்னேன்.

மூத்தவர் சொல்வது இதுதான். அந்த மனுசிக்கு இது முழுக்கத் தெரியும், நாலே போதும் என்றால் நீ அஞ்சையும் கொடுப்பாய் என்று தெரிந்துதான் கேட்டாள். பிறகு அந்த ஐந்தாவது பங்குச் சீனியைப் பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாள் என்றும் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். மாற்றினால் என்ன? கரண்ட் இல்லாத இரவில் பிள்ளைகள் படிக்க விளக்கு வேண்டாமா? இப்படிக் கேட்டு அவருடைய வாயை அடைத்திருக்கிறேன். என் வாயை அடைக்கத்தான் முடியவில்லை, ஏனென்றால் அன்று காலை அவளுக்கு முன்னால் ஒரு ஐயா வந்து போயிருந்தார்.

ஓய்வூதியக்காரர், சட்டைப் பையில் எப்போதும் பேனை இருக்கும். அட்டையில் மூன்று பேர். மகன் எங்கே என்று அவரிடமும் கேட்டேன். "அவன் கொழும்பிலை தம்பி, பாதை திறந்தால்தான்" என்று உள்ளதைச் சொன்னார். இரண்டு என்று எழுதினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுசி வந்தபோது அவர் இன்னும் படியில் இருந்து பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்ன "அஞ்சு" அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

அடுத்த கப்பல் சாமான் வந்தபோது ஐயா அட்டையை வைத்தார். நான் வாய் திறக்கமுதலே, "மகன் தொழிலுக்குப் போட்டான்" என்றார். அவருடைய மகன் வங்கியில் வேலை. கடலில் கால் நனைத்திருப்பானோ தெரியாது. மூன்று என்று எழுதினேன். வேறு என்ன செய்வது? அதற்குப் பிறகு கியூவில் அது வழக்கமாகிவிட்டது. கேள்வியை நான் கேட்பதும் நின்றது. வராத மருமகன், அகப்பட்ட தம்பி, கம்பஸ் போன பெட்டை எல்லோரும் தொழிலுக்குப் போனார்கள். கடலில் ஒரு வள்ளமும் இல்லாத காலத்தில் எங்கள் புத்தகத்தில்தான் அத்தனை பேர் தொழில் செய்தார்கள்.

சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் சீனி சிரிக்காது. சாக்கில் வந்தது அளவோடு வந்தது. முன்னுக்கு நின்றவர்களின் இல்லாத ஆட்களுக்குப் போனது, பின்னுக்கு நின்றவர்களின் இருக்கிற ஆட்களிடமிருந்துதான் போனது. பின்னுக்கு நின்றவர்கள் யார்? விடியவே வர முடியாதவர்கள். கைக்குழந்தைக்காரி, படுக்கையில் ஆளை வைத்திருப்பவர், ஒழுங்கையில் ஆமி சுற்றிவளைப்பு முடியும்வரை வெளிக்கிட முடியாதவர். அவர்களுடைய முகம் எனக்கு நினைவில்லை. அவளுடைய முகம் நினைவிருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், முன்னால் நின்று பேசுகிறவருக்குத்தானே மனுசர் பதில் சொல்வார்கள் என்பேன். இந்தப் பதில் எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

2007 ஜனவரியில் பருத்தித்துறைக் கடலில் பொருள் கொண்டுவந்த கப்பலொன்று தாக்கப்பட்டது. பிறகு எங்களுக்கு வரும் சாமான் இன்னும் மெலிந்தது. கொஞ்சக் காலம் ஆளுக்கு இவ்வளவு என்பதை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தோம். அப்போது அட்டையில் எத்தனை பேர் என்பதற்கு ஒரு பெறுமதியும் இல்லை, ஐந்துக்கும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த நாட்களிலும் அவள் மேசைக்கு மேலால் எட்டி நான் எழுதுவதைப் பார்த்தாள். "அஞ்சுதானே தம்பி?" என்று கேட்டாள்.

மூத்தவருக்கு இதைத்தான் சாட்சியாகக் காட்டுவேன். சீனிக்காக என்றால் அப்போது ஏன் கேட்கவேண்டும்? அவர் அசையமாட்டார். புருசன் திரும்பி வர ஆமியின் அனுமதியான கிளியரன்ஸ் வேண்டும், பேர் வெட்டுப்பட்டால் கிராம அலுவலரான விதானையாரிடமும் ஆமியின் சிவில் ஒபிசிலும் அலையவேண்டும், அதற்காகக் கேட்டிருப்பாள் என்பார். அதுவும் இருக்கலாம். ஆனால் அதே பேர் அவளுக்கு ஆபத்தாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஆள் எண்ணுகிற ஆமிக்காரர் ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டால், தொழிலுக்குப் போட்டார் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொண்டும் ஐந்தை வைத்திருந்தாள். பாசமா, கெட்டித்தனமா, கடதாசிக் கவலையா என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். அவளுக்கு அவை மூன்றாக இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

புருசன் கடைசியில் கப்பலில் வந்து சேர்ந்தார். ஒருநாள் அவரே அட்டையோடு கியூவில் நின்றார். என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. மா நிறை குறைகிறது என்று சண்டை பிடித்தார், திரும்பப் போட்டுக் காட்டினோம், நிறை சரியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனார். "பார், நன்றிகூட இல்லை" என்றார் மூத்தவர். அவர் எதற்கு நன்றி சொல்ல? அந்தப் பங்கில் ஒரு கரண்டி சீனிகூட அவருடைய தேத்தண்ணிக்குள் போகவில்லை.

இப்படி நான் ஏதாவது சொன்னால் மூத்தவர் விடமாட்டார். "அப்ப கடைசியில நிண்ட சனத்துக்கு என்ன பதில்?" என்று கேட்பார். கேட்கட்டும். அன்று நான் "அஞ்சு" என்றபோது அவருக்கும் அவளுடைய புருசன் வவுனியாவில் நிற்பது தெரியும். நாலு என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஐந்து பேருக்கும் சீனி நிறுத்தது அவர்தான், அதுவும் தராசுத் தட்டு கொஞ்சம் தாழ.