டாங் நானோ 9கே-யில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: தேறியதும் தேறாததும்

போர்டு டாங் நானோ 9கே, ஒரு மலிவு எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைக்கும் சிப்): 8,640 லட் (சின்ன லாஜிக் அட்டவணை), 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். சென்சார், மலிவான மேக்ஸ்30102 மாட்யூல். நிரல் வெரிலாக், சுற்றை விவரிக்கும் மொழி. 660 நானோமீட்டர் சிவப்பும் 880 அகச்சிவப்பும் மாறி மாறி விரலுக்குள் போகும். திரும்பும் ஒளியைச் சென்சாரே 18 பிட் எண்ணாக்கிவிடும்.

முதல் முட்டுக்கட்டை ஐ2சி, சென்சாரும் போர்டும் பேசும் இரண்டு கம்பி இணைப்பு. ஹெக்ஸ் 57 முகவரிக்கு ஏசிகே (லைனை 0 ஆக்கிச் சென்சார் தரும் பதில்) வந்ததுபோல் தெரியும், படித்த பைட்டெல்லாம் 00. இல்லாத ஒரு முகவரியை அழைத்துப் பாருங்கள். அதற்கும் ஏசிகே வந்தால் நிரலில் தப்பில்லை, லைன்தான் எப்போதும் 0 ஆகத் தெரிகிறது. பல மலிவு மாட்யூல்களில் 4.7 கே புல்அப்கள் (லைனை 1-க்கு இழுக்கும் ரெசிஸ்டர்கள்) 1.8 வோல்ட்டோடு இணைந்திருக்கும். 3.3 வோல்ட் பின்னுக்கு 2.0 வோல்ட் தாண்டினால்தான் அது நிச்சயமாக 1. அந்த ரெசிஸ்டர்களைக் கழற்றி, எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) இரண்டிலிருந்தும் 3.3-க்கு 4.7 கே போட்டதும் சிப்பின் அடையாள எண்ணான பார்ட் ஐடி ஹெக்ஸ் 15 வந்தது. (சில மாட்யூலில் 3வி3 சால்டர் பேடே உண்டு, ஒரு சொட்டு ஈயம் போதும்.) வெரிலாக்கில் எஸ்டிஏ-வை 0 அல்லது இசட் (லைனை ஓட்டாமல் விடுவது) என்று மட்டும் விட வேண்டும், 1 கூடாது.

அமைப்பு: மோட் 03, எஸ்பிஓ2 (ரத்த ஆக்ஸிஜன்) கான்ஃபிக் ஹெக்ஸ் 27 (நொடிக்கு 100 சாம்பிள், 411 மைக்ரோ நொடி பல்ஸ்), எல்இடி இரண்டுக்கும் ஹெக்ஸ் 24, அதாவது 7.2 மில்லி ஆம்பியர். சென்சாரின் வரிசை நினைவகமான ஃபிஃபோவில் ஒரு சாம்பிளுக்கு 6 பைட், சிவப்பு முன்னால்.

அடுத்தது டிசி, அதாவது துடிக்காமல் நிற்கும் பகுதி, அதன் நீக்கம். வரும் எண் ஒரு லட்சம் அளவில் நிற்கும். துடிப்பு அதில் ஒரு சதவீதம்கூட இருக்காது. டிசியைத் தொடரும் ஐஐஆர் வடிகட்டி, புது எண்ணுக்கும் தன் பழைய விடைக்குமான வித்தியாசத்தில் ஒரு பங்கை விடையில் சேர்க்கும். அந்தப் பங்குக்கு 4 பிட் ஷிஃப்ட் (16-ஆல் வகுப்பது) போட்டால் கட்ஆஃப் (வடிகட்டும் எல்லை) 1 ஹெர்ட்ஸ் ஆகித் துடிப்பையே தின்றுவிடும். 6 பிட் என்றால் 0.25 ஹெர்ட்ஸ், சரி. ஆனால் ரிஜிஸ்டர் 18 பிட்டாகவே இருந்தால் 64-க்குக் குறைந்த வித்தியாசம் ஷிஃப்டில் காணாமல் போகும், டிசி சராசரிக்குக் கீழேயே தங்கும். 24 பிட் வைத்துக் கடைசி 6 பிட்டைப் பின்னமாக விட்டால் தீரும். விரல் வைத்த முதல் 5 நொடி குப்பையாக வந்ததற்கும் இதே வடிகட்டிதான் காரணம்: பூஜ்ஜியத்திலிருந்து ஏற வேண்டும். எண் 50,000 தாண்டியதும் அதையே 6 பிட் நகர்த்தி ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டால் காத்திருப்பு இல்லை.

ஆக்ஸிஜன் அளவைத் தரும் விகிதத்துக்கு (ஏசி என்பது துடிக்கும் பகுதி) வகுத்தல் ஒன்றே ஒன்று: சிவப்பு ஏசி × அகச்சிவப்பு டிசி மேலே, அகச்சிவப்பு ஏசி × சிவப்பு டிசி கீழே. ஒரு கிளாக்குக்கு ஒரு பிட் என்ற சோம்பேறி வகுப்பானே 2 மைக்ரோ நொடியில் முடிக்கிறது. அடுத்த துடிப்புக்கு ஒரு நொடி இருக்கிறது. பைப்லைன் (வேகத்துக்காக வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பது) போடுவது வீண். 110 − 25 × விகிதம் என்ற சூத்திரத்தில் 0.5-க்கு 97.5 சதவீத ஆக்ஸிஜன் வரும். நல்ல உடம்புக்கு 60 காட்டினால் விகிதம் 2, சிவப்பும் அகச்சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன.

தேறாதது அழுத்தம். விரலை அமுக்கினால் ரத்தம் விலகும்: டிசி ஏறும், ஏசி சுருங்கும். கையால் பிடிப்பதைவிட வெல்க்ரோ பட்டை மேல், அதையும் தளர்வாக. ஹீமோகுளோபின் அளவை இந்த இரண்டு அலைநீளத்தில் எடுக்க முடியாது. விகிதம் ஆக்ஸிஜன் ஏறிய பங்கை மட்டுமே சொல்லும். அதுவும் பொதுச் சூத்திரம்தான், மருத்துவ முடிவுக்கு ஆகாது.

அடுத்து 3 அச்சு முடுக்கமானி சேர்த்து, விரல் அசைந்த நொடிகளைத் தள்ள வேண்டும்.