தம்பி ஸ்கூலுக்குப் போகாத நாட்கள்

என் தம்பிக்கு வந்த வயிற்றுவலி நடிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி வலிக்காமல் இருக்கிறது என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு, அவன் ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்பதற்கு அதுதான் பெரிய ஆதாரம். டாக்டர் எங்களுக்குச் சொன்னது நேர்மாறாக இருந்தது. முதலில் பரிசோதனை செய்து உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்தார். பிறகு, பதற்றத்தில் வருகிற வலி லீவு நாளில் காணாமல் போவது வழக்கம்தான், ஆனால் வரும்போது நிஜமாகவே வலிக்கும் என்றார். "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல" என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1941-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'பள்ளி அச்சம்' என்று பெயர் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

காலையில் "போறியா, இல்லையா?" என்று கேட்க வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆளாக நானும் நிற்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கு எந்த பீரியட்டா மோசம்?"

"மூணாவது."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பத்தி எது என்று கண்டுபிடித்து, மனசுக்குள் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பானாம். ஒருநாள் முன் பெஞ்சில் ஒருத்தன் வரவில்லை. கணக்கு மாறிவிட்டது. தயார் செய்யாத பத்தி வந்து, ஒரு வார்த்தையில் நாக்கு சிக்கி, வகுப்பே சிரித்திருக்கிறது. "இன்னிக்கு யாரு லீவோன்னு நினைச்சாலே வயிறு பிசையுதுக்கா."

கிறிஸ்டோபர் கியர்னி என்ற உளவியலாளர் பிள்ளைகள் பள்ளியை மறுப்பதை நான்கு விதமாகப் பிரிக்கிறார்: பள்ளியில் வரும் வேதனையான உணர்விலிருந்து ஒதுங்குவது, நாலு பேர் தன்னை எடைபோடும் இடத்திலிருந்து தப்பிப்பது, வீட்டாரின் கவனத்தைத் தேடுவது, வெளியே அதைவிடச் சுகமான ஒன்று இருப்பது. எங்கள் வீட்டில் எல்லோரும் நாலாவதைச் சந்தேகித்து போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். விஷயமோ இரண்டாவது.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் சொன்னேன். கேட்காமல் சொல்லியிருந்தால் அடுத்த முறை என்னிடமும் வாய் திறந்திருக்க மாட்டான். டீச்சரிடம் பேசியதில், இப்போதைக்கு வகுப்பில் வாசிக்க வேண்டாம், அவரிடம் தனியாக இரண்டு வரி வாசித்தால் போதும் என்று முடிவானது. போவதும் படிப்படியாகத்தான். முதலில் லைப்ரரி வரை, அப்புறம் இரண்டு பீரியட், அப்புறம் அரை நாள்.

வீட்டில் இருந்த நாட்களில் ஸ்கூல் நேரத்தில் கேம் கிடையாது, பாடம் மட்டும். தண்டனைக்காக இல்லை. வீட்டில் தங்கிவிட்டால் பயம் உடனே அடங்குகிறது. அந்த நிம்மதிதான் மறுநாளும் தங்கச் சொல்லித் தூண்டுகிறது. நாள் ஆக ஆக வாசல் தாண்டுவது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத சிக்கல் ஒன்று இருந்தது. "இத்தனை நாள் ஏண்டா வரல?" என்று பசங்க கேட்டால் என்ன சொல்வது? அவனுக்கு வாசிப்பதைவிட அதுதான் பயம். நான் அவன் நண்பனாக நடித்தேன், அவன் பதில் சொன்னான். "உடம்பு சரியில்ல, இப்ப பரவால்ல. கணக்கு நோட்டு தாடா." கடைசி வரி அவனே சேர்த்தது. பேச்சை மாற்ற அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது. வீட்டில் எந்தப் பேச்சும் அவனில் தொடங்கி அவனிலேயே முடியும். என் பரீட்சை வந்து போனதே யாருக்கும் தெரியாது. அதை அவன் மேல் காட்டாமல் அம்மாவிடம் நேராகவே சொன்னேன்.

தம்பி இப்போது போகிறான். திங்கட்கிழமை மட்டும் இன்னும் இழுபறிதான். அம்மாவோ என் மார்க் ஷீட்டையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நானே இழுத்துவிட்டுக்கொண்டது.