கோட் பாக்கெட்டில் போன்: ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சில யோசனைகள்

ஹவுஸ் சர்ஜன் வருடத்திலேயே (எம்பிபிஎஸ் முடிவில் வரும் பயிற்சி வருடம்) மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குப் படிக்கும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த ஆப் வாங்கலாம்?" மேரோவா பிரெப்லேடரா (இரண்டும் இந்தத் தேர்வுக்கான ஆப்கள்) என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. எதை வாங்கினாலும் காசு கொடுத்தது க்யூ பேங்க் என்கிற கேள்வித் தொகுப்புக்குத்தான், வீடியோவுக்கு அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி முடிந்து வந்து ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோவை ஓடவிட்டால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மறுநாள் அதே பாடத்தில் இருபது கேள்வி போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

படித்தது மறக்காமல் இருக்க ஆன்கி என்ற கேள்வி-பதில் கார்டு ஆப். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில்தான் காசு. மறக்கப்போகும் நேரம் பார்த்து அந்தக் கார்டை நம் முன்னால் நீட்டுவதுதான் அதன் வேலை. 2023-இல் அதில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது முறை அந்த நேரக் கணக்கை நன்றாகவே போடுகிறது, செட்டிங்ஸில் ஆன் செய்துவிடுங்கள். ஆனால் நெட்டில் கிடைக்கும் பெரிய டெக்குகள் (கார்டுக் கட்டுகள்) பெரும்பாலும் அமெரிக்கத் தேர்வுக்கானவை. பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்கிற நம் தடுப்பூசி அட்டவணை அதில் இருக்காது. அதனால் பிஎஸ்எம் (சமூக மருத்துவம்) கார்டுகளை நீங்களே போடுவது நல்லது. க்யூ பேங்க்கில் தவறவிட்ட கேள்வியை ஒரே வரிக்குச் சுருக்கினால் கார்டு தயார்: 'எந்த எலக்ட்ரோலைட் குறைந்தால் டிஜாக்சின் என்ற இதய மருந்தின் நச்சுத்தன்மை கூடும்?' பதில், பொட்டாசியம். பத்து வரிப் பதில் உள்ள கார்டை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. நைட் டியூட்டி நாளில் புதுக் கார்டுகளைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பழையதை மட்டும் பார்த்தால் போதும்.

வார்டில் எனக்கு அதிகம் கைகொடுத்தது எம்டிகால்க் என்ற மருத்துவக் கணக்கு ஆப். ஓர் உதாரணம்: 70 வயதுப் பாட்டி, எடை 50 கிலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 மி.கி./டெ.லி. ரிப்போர்ட்டைப் பார்த்தால் 'கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்று தோன்றும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்று மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 × 1.4-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 29.5. முப்பதுக்குக் கீழே! சிறுநீரகம் இவ்வளவு மெதுவாக வேலை செய்தால் மருந்து உடலில் தங்கிவிடும்; இரத்தக்கட்டிக்கு எனாக்ஸாபாரின் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுத இருந்தவர், நாளுக்கு ஒருமுறை என்று மாற்ற வேண்டும். ஆப் இதை நொடியில் சொல்லிவிடும். இருந்தாலும் முதல் சில தடவை பேப்பரில் போட்டுவிட்டு ஆப்பில் சரிபாருங்கள், தேர்வு அறைக்குள் போன் வராது. இன்னொன்று, யூனிட் மி.கி./டெ.லி.யில் இருக்கிறதா, மைக்ரோமோலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள்.

குழந்தைகள் வார்டில் இதைவிடக் கவனம் வேண்டும். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. சரி, எத்தனை மில்லி? 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 250 மி.கி. உள்ளது என்றால் 3 மில்லிதான். அம்மாவின் கையில் எந்த பாட்டில் இருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியாது. பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்த பிறகே மில்லி சொல்லுங்கள்.

நோயாளி முன்னால் போனை எடுக்கும்போது, "மருந்து அளவு பார்க்கிறேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அனுமதி இல்லாமல் படம் எடுத்து பேட்ச் குரூப்பில் போடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், முகம் தெரியாவிட்டாலும்.

தேர்வு நெருங்கியதும் கிராண்ட் டெஸ்ட்டை (முழு மாதிரித் தேர்வு) மட்டும் போனிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றுங்கள். 2024 முதல் நீட் பிஜியின் 200 கேள்விகள் ஐந்து பகுதிகளாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. பஸ்ஸில் படுத்துக்கொண்டு பத்துப் பத்தாகப் போட்ட கேள்விகள் இந்தப் பழக்கத்தைத் தராது.