மாதாவைப் பார்த்துக் கீறுகிறேன்

எண்ணெய் வர்ணம் பழக வேண்டுமென்றால் ஒரு பழைய படத்தை எடுத்து அப்படியே கீறு என்றார் வாத்தியார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவனுக்கு வேறு யார் நினைவுக்கு வருவார், மாதாதான். ஆனால் மடு மாதாவும் லூர்து மாதாவும் சுரூபங்கள். எனக்குத் தேவை ஓர் ஓவியம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள, இத்தாலியரான சாசோஃபெராட்டோ 1640–50 அளவில் கீறிய செபிக்கும் மரியாவை எடுத்தேன். இருண்ட பின்னணி, சிவப்புச் சட்டை, வெள்ளை முக்காடு, நீலப் போர்வை, கூப்பிய கைகள். குழந்தை இல்லை, சம்மனசு இல்லை, மேகம் இல்லை. பழகுகிறவனுக்கு இதைவிட வசதி ஏது?

கட்டம் போட்டு உருவத்தை இறக்கியபின் உடனே நிறத்துக்குப் போக முடியாது. றோ அம்பர் என்ற மண்ணிறமும் வெள்ளையும் மட்டும் கலந்து, வெளிச்சம் எது, நிழல் எது என்று பிரிக்க வேண்டும். அம்பரில் மங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். இந்த வர்ணம் ஈரம் உலர்ந்து காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகுகிறது. எண்ணெய் கூடினால் மெதுவாகத்தான் இறுகும். அதனால் அடியில் டர்பன்டைன் கூடுதலாக, மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடுதலாக. மாறிச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து பிறகு வெடிக்கும்.

விறாந்தையில் சாம்பல் பூத்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “என்னடா, விபூதிப் புதனுக்கோ கீறுறாய்?”

முகத்தில்தான் அதிக நாள் போனது. தலை குனிந்திருப்பதால் நெற்றியிலும் கண்களிலும் நிழல். அங்கே தோல் நிறம் என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லை. யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், துளி சிவப்பு, பச்சை கலந்த ஒரு சாம்பல். தனியே கடதாசியில் தடவினால் வெறும் சேறு. பக்கத்தில் முக்காட்டின் வெள்ளை வந்ததும் அதே சேறு கன்னமாகிவிடுகிறது. பெட்டியில் வரும் ‘ஸ்கின்’ டியூப்பை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

அப்புறம் போர்வை. இந்தப் படத்தின் முழுக் கவர்ச்சியும் அந்த நீலம்தான். சாசோஃபெராட்டோ காலத்து அல்ட்ராமரீன் நீலம், ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்லை அரைத்து எடுத்தது. விலை பொன்னுக்குச் சமம் என்பார்கள். பிரான்சில் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்து 1828இல் பரிசு வாங்கியதால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் டியூப்பில் கிடைக்கிறது. நிழல் மடிப்புகளில் அதை மெல்லியதாக, வெள்ளை சேர்க்காமல் தடவினேன். அடியிலுள்ள இருட்டு ஊடாகத் தெரிந்தது. வெளிச்ச மடிப்புகளுக்கு மட்டும் வெள்ளை.

“கொப்பி அடிக்கிறதும் ஒரு கலையோ?” என்று கேட்கிற சிநேகிதர்கள் இருக்கிறார்கள். சாசோஃபெராட்டோவே தனக்கு முந்திய ஓவியரான றபாயேலைப் பார்த்துக் கீறியவர். இந்த மாதாவையும், வீட்டில் வைத்துச் செபிக்க விரும்பியவர்களுக்காகத் திரும்பத் திரும்பக் கீறினார். அவரைக் கொப்பி அடிக்க நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னும் விரல்கள் மிச்சம். ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்கு முன் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்கிறார் அம்மா. மாட்டலாம். வார்னிஷ் பூச இன்னும் ஆறு மாதமாவது போக வேண்டும், அதுவரை ஊதுபத்தியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.