பசை என்று பெயர் வைத்த செல்

ஜூன் 3

செமினாருக்குத் தலைப்பு வந்துவிட்டது: மூளையின் இரத்த ஓட்டத்தில் ஆஸ்ட்ரோசைட்டின் பங்கு. ஆஸ்ட்ரோசைட் என்பது மூளையில் நியூரான் (நரம்பு செல்) அல்லாத ஒரு வகைச் செல். எனக்கு இதுவரை நியூரான்தான் மூளை, மற்ற செல்களெல்லாம் இடத்தை அடைக்க வந்தவை. 1856இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவே இவற்றுக்கு 'நியூரோகிளியா' என்றுதான் பெயர் வைத்தார். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை.

உடல் எடையில் வெறும் 2 சதவீதம் உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை இழுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதனால் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அங்கே ஓரிரு விநாடியில் இரத்தம் கூடியாக வேண்டும். 1890இலேயே ராய், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். யார் போய்ச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஜூன் 5

இன்று முழுக்கப் படங்கள். ஆஸ்ட்ரோசைட்டின் சில கிளைகள் இரத்தக் குழாயில் பாதம் பதித்து அதை மூடியிருக்கின்றன. இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜி 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாதங்களைப் பார்த்திருக்கிறார். மற்ற கிளைகள் நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் இடங்களான சினாப்ஸ்களைச் சுற்றி நிற்கின்றன. எலியில் ஒரே செல் ஒரு லட்சம் சினாப்ஸ் வரை தொட்டுக்கொண்டிருக்குமாம். இரண்டு பக்கமும் கை வைத்திருக்கும் ஆளைத் தூதராகச் சந்தேகிக்காமல் வேறு யாரைச் சந்தேகிப்பது?

கணக்கு ஒன்று: குழாயின் ஆரம் 10 சதவீதம் கூடினால், அழுத்தம் மாறாமலேயே ஓட்டம் 46 சதவீதம் கூடும். ஓட்டம் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறுகிறது. நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 8

தலைவலி. 2003இல் ஸோன்டா குழு: ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சியம் ஏறினால் (செல் தூண்டப்பட்டதன் அடையாளம் அது) குழாய் விரிகிறது, காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். 2004இல் மல்லிகனும் மக்விக்கரும்: கால்சியம் ஏறினால் குழாய் சுருங்குகிறது, காரணம் அராக்கிடோனிக் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து வரும் இன்னொரு பொருள். இரண்டுமே வெட்டியெடுத்து உயிரோடு வைத்த மூளைத் துண்டில் செய்தவை, இரண்டுமே நல்ல பேப்பர். நான் 'விரிக்கிறது' என்று ஸ்லைடு போட்டுவிட்டு, சுருக்கத்தைக் கடைசியில் ஒரு வரியில் ஒளித்து வைத்தேன்.

ஜூன் 9

ஒளித்தது அகப்பட்டுவிட்டது. ஒத்திகையில் சீனியர் அக்கா கேட்டார்: "துண்டில் இரத்தமே ஓடாதே, உள்ளே அழுத்தம் ஏது? அந்தக் குழாய் முதலிலேயே தளர்ந்துதானே கிடந்திருக்கும்?" விழித்தேன். தளர்ந்து கிடப்பது மேலும் எங்கே விரியும்? அதனால்தான் சில ஆய்வுகளில் மருந்து கொடுத்துக் குழாயைச் சுருக்கிவைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். செய்முறைப் பகுதியை நான் வேகமாகத் தாண்டியிருந்தேன்.

அப்புறம் அவரே இன்னொன்றையும் காட்டினார். மூளைத் துண்டை உயிரோடு வைக்க நாங்கள் விடும் வாயுவில் 95 சதவீதம் ஆக்சிஜன். உயிருள்ள மூளைக்குள் அவ்வளவு ஏது? 2008இல் மக்விக்கர் குழுவே ஆக்சிஜனை 20 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தது. அதே கால்சியம் இப்போது குழாயை விரித்தது! ஆக்சிஜன் குறைந்தால், சர்க்கரை உடைவதில் வரும் லாக்டேட் சேர்கிறது. புரோஸ்டாகிளாண்டினைத் திரும்ப உள்ளே இழுக்கும் வேலையை அது தடுக்க, வெளியே தங்கியது குழாயை விரிக்கிறது. கூடவே சேரும் அடினோசின் என்ற பொருள் சுருக்கத்தை அடக்குகிறது. தம் முடிவைத் தாங்களே இப்படிக் கிளறிய இந்தப் பேப்பர்தான் இதுவரை படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜூன் 12

முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. ஆஸ்ட்ரோசைட்டின் கால்சியம் ஏற்றத்துக்கு முக்கியமான ஒரு ஏற்பியை (தூதுப் பொருளைப் பிடிக்கும் புரதத்தை) நீக்கிய எலிகளிலும் இரத்த ஓட்டம் வழக்கம்போலக் கூடியதாக 2013, 2014 பேப்பர்கள் சொல்கின்றன. சரி, அப்போது தூதர் இவர் இல்லையா? 2016 பேப்பர் ஒன்று இடத்தைப் பிரிக்கிறது: நுண்குழாய்களில் ஆஸ்ட்ரோசைட், குழாயைச் சுற்றியிருக்கும் பெரிசைட் என்ற செல்லைத் தளர்த்துகிறது, சிறு தமனிகளில் அதற்கு இந்த வேலை இல்லை, அங்கே விரிப்பது நைட்ரிக் ஆக்சைடு வாயு. இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அந்த ஏற்பி இல்லாமலும் வேறு வழியில் கால்சியம் ஏறலாம் என்பதால் ஸ்லைடில் கேள்விக்குறியை எடுக்கவில்லை.

ஜூன் 14

செமினார் முடிந்தது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனைப் பற்றி முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "அப்படியானால் எஃப்எம்ஆர்ஐ படத்தில் சிவப்பாகத் தெரிவது நியூரானா, ஆஸ்ட்ரோசைட்டா?" இரண்டும் இல்லை, அது இரத்தத்தின் ஆக்சிஜன் என்றேன். அந்த இரத்தத்தைக் கூப்பிட்டது யார் என்றார் உடனே. ஜூன் 12 ஸ்லைடுக்குத் திரும்பிப் போனேன்.